கால்விரலில் கட்டிய தூண்டில்

நெடுங்கசத்தில் படகு கிடையாது. தாமிரபரணி ஊரை ஒட்டி வளைகிற இடத்தில், கோடையிலும் வற்றாத ஆழக்குழி ஒன்று கிடக்கிறது, அதைத்தான் கசம் என்பார்கள், அதன்மேல் படகோ பரிசலோ வாழைத்தண்டுத் தெப்பமோ விட்டவர் அந்த ஊரில் ஒருவருமில்லை. ஆற்றுக்கு நடுவில் நமக்கு என்ன சோலி என்று கேட்டுவிட்டுக் கரையிலேயே குந்தி உட்கார்ந்து கெளுத்தி பிடித்துத் தின்கிற ஊர் அது. அதனால் மீனுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மேற்கே மழை பெய்து கலங்கல் தண்ணீர் வந்துவிட்டால் மருதமர வேர்களுக்கு அடியிலிருந்து கெளுத்திகள் மீசையை ஆட்டிக்கொண்டு கரையோரம் வந்துவிடும், கோழிக்குடலை வெயிலில் நாறப்போட்டு முள்ளில் கோத்து, ஈயக்குண்டைத் தலைக்கு மேலே சுழற்றி எறிந்துவிட்டு, தூண்டில் நரம்பின் இந்த முனையைக் கரையில் அடித்த முளைக்குச்சியில் கட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கலாம். குச்சி ஆடினால் இழுக்க வேண்டும், இழுத்த மீனின் பக்கமுட்களையும் முதுகுமுள்ளையும் கல்லால் தட்டி முறித்த பிறகுதான் கையால் தொட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதோடு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு, அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்: தூண்டிலை முளைக்குச்சியில் கட்டலாம், கல்லில் கட்டலாம், உயிருள்ள எதிலும் கட்டக்கூடாது, மாட்டிலும் கூடாது, மரத்திலும் கூடாது, மனுஷ உடம்பில் கூடவே கூடாது.

உச்சிமாகாளி அதைத் தன் கால் பெருவிரலில் கட்டினாள்.

திமிரில் கட்டவில்லை. அவள் பீடி சுற்றிப் பிழைக்கிறவள், மடியில் சுளகு, சுளகில் வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள், இரண்டு கையும் ஓயாத வேலை; கரையில் உட்கார்ந்து சுற்றினால் பீடிக்குப் பீடியும் ஆச்சு, ராத்திரிக் குழம்புக்கு மீனும் ஆச்சு என்பது அவள் கணக்கு. அன்றைக்குக் கார்த்திகை மாத வெயில் இதமாக இருந்தது, முளைக்குச்சியை யாரோ அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள், நரம்பும் கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது. எழுந்து போய் வேறு குச்சி வெட்டி வரச் சோம்பல். பீடி கட்டுகிற நூலை நாலைந்து இழையாகச் சேர்த்து நரம்போடு முடிந்து, மறுமுனையைப் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள், கடித்தால் தெரியட்டும், அப்புறம் குச்சி வெட்டி மாற்றிக்கொள்ளலாம் என்று. பீடி நூல் நகத்தால் கிள்ளினால் அறுந்துவிடுகிற நூல். உலகத்தில் அதைவிட நம்பகமில்லாத நூல் கிடையாது.

கடித்தது. வெடுக்கென்று இழுக்கவில்லை, கெளுத்தி இழுக்கிற மாதிரி முரட்டுத்தனமாகவும் இல்லை. நூல் மெதுவாக விறைத்தது, யாரோ கசத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு மிச்சமிருந்த தொய்வைச் சுருட்டி எடுத்துக்கொண்டதுபோல விறைத்தது, விறைத்தபின் அப்படியே நின்றுவிட்டது. உச்சிமாகாளி இழுத்தாள், வரவில்லை. முடிச்சை அவிழ்த்தாள், அவிழவில்லை. நகத்தால் கிள்ளினாள், பல்லால் கடித்தாள், கடைசியில் இலை வெட்டுகிற கத்தரியைப் போட்டாள், கத்தரிதான் வாய் மழுங்கியது. அப்புறம் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த தன் ஓரகத்தி பேச்சித்தாயைக் கூப்பிட்டாள்.

"என்னட்டி?"

"கால்ல மாட்டிக்கிட்டு யக்கா."

பேச்சித்தாய் வந்து நூலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், கசத்தைப் பார்த்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "கால்லயா கெட்டுவாவ? மூளை கெட்ட மூதி. கசத்துல ஒருத்தனக் குடுத்தது பத்தாதா ஒனக்கு?"

குடுத்த ஒருத்தன் மந்திரமூர்த்தி, உச்சிமாகாளியின் புருஷன். ஏழு வருஷத்துக்கு முந்திய ஐப்பசி வெள்ளத்தில், தன் தூண்டிலைக் குச்சியோடு பிடுங்கிக்கொண்டு போன ஒரு பெரிய கெளுத்தியின் பின்னாலேயே ஆற்றில் இறங்கினவன் திரும்பி ஏறவில்லை. கீழ்ப்பாலம் வரை தேடினார்கள், கடலில் ஆறு சேர்கிற இடத்துக்கு ஆள் போட்டார்கள், உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததுதான் பெரிய சீரழிவாகப் போயிற்று. அவர்கள் ஆட்களில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு, புருஷன் செத்தால் தாலியை அறுத்துவிட்டு, இஷ்டப்பட்டவள் இன்னொருத்தன் கையால் கட்டிக்கொள்ளலாம், யாரும் மூக்கைச் சுளிக்கமாட்டார்கள். ஆனால் அறுப்பதற்கு ஒரு சாவு வேண்டும், சாவுக்கு ஒரு உடம்பு வேண்டும். மந்திரமூர்த்தியின் அண்ணனும் பேச்சித்தாயின் புருஷனுமான சங்கிலிபூதத்தான் இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமலேயே பிடிவாதமாக இருந்தார். "பாக்காத ஒடம்புக்கு எப்படிட்டி அறுக்கது? நாளைக்கு அவன் பஸ்ஸ விட்டு எறங்கி வந்து நின்னாம்னா நான் மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பேன்?"

இப்படியாக உச்சிமாகாளி ஏழு வருஷமாகச் சுமங்கலியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் இருந்தாள், கல்யாண வீட்டில் குங்குமம் நீட்டுகிறவள் அவள் முன்னால் வந்ததும் கை தயங்குவாள், இழவு வீட்டிலும் அவளை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று குழம்புவார்கள். அதையும் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் பீடிக்கடையில் கட்டுகளைச் சரிபார்க்கிற சப்பாணிமுத்து, பெண்டாட்டி செத்துத் தனியாகச் சமைத்துத் தின்கிற மனுஷன், இரண்டு வருஷமாக அவள் சுற்றிய பீடியில் ஒன்றைக்கூடக் கழிக்காமல் இருந்தான், போன ஆடியில் ஒருநாள் வாயைத் திறந்து கேட்டும்விட்டான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ராத்திரியில் அவனோடு உட்கார்ந்து சூடாக ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வயிற்றுப்பசியைவிடப் பெரிதாக இருந்தது. அவனுடைய அக்கா வேறு பெண் பார்த்து வைத்துக்கொண்டு, வைகாசி வரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் பொறுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் கசம் அவள் காலைப் பிடித்தது.

ஊர் கூடியது. அரிவாளால் வெட்டிப் பார்த்தார்கள், அரிவாளில் பல் விழுந்தது. பட்டறையிலிருந்து காஸ் வெல்டிங் கொண்டுவந்து நெருப்பைக் காட்டினார்கள், நூல் கொஞ்சம் ஈரம் விட்டது, அவ்வளவுதான். சங்கிலிபூதத்தான் தாடையைச் சொறிந்துகொண்டு, விரலை எடுத்துவிட்டால் என்ன, ஒரு விரல்தானே என்றார். "முள்ளு விரல்லயா மாட்டியிருக்கு அத்தான்?" என்று உச்சிமாகாளி கேட்டாள். சாயங்காலம் ஆனது, ஆட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள், வரும்போது ஒருவர் பாய் கொண்டுவந்தார், ஒருவர் ஓலை கொண்டுவந்தார், விடிவதற்குள் அவள் தலைக்கு மேல் ஒரு குடிசை நின்றது.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் அதிசயம் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை, தொந்தரவு என்றுதான் சொன்னார்கள், நாலு நாளில் அதுவும் சொல்லாமல் ஆனார்கள். ஒதுங்கப் போவதற்கு என்ன செய்தாள் என்று கேட்கிறவர்கள் கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்: அவள் எழுந்தால் நூல் கொஞ்சம் தளரும், உடைமரப் புதர்வரை போய்வரலாம், திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி விறைத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் இருப்பது எதுவானாலும் நல்லது கெட்டது தெரிந்ததாகத்தான் இருந்தது. ரேஷன் கடைக்காரர் கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். பீடி சுற்றுகிற பெண்களெல்லாம் துணைக்கு என்று ஆரம்பித்து, காற்று நன்றாக வருகிறது என்று தங்கள் சுளகுகளையும் அங்கேயே கொண்டுவந்துவிட்டார்கள், அவர்களை நம்பி ஒரு டீக்கடை வந்தது, டீக்கடையை நம்பி ஆண்கள் வந்தார்கள், பஸ் கண்டக்டர் "தூண்டிக்காரி ஸ்டாப்" என்று கூவ ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து நூலைச் சுண்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் அதிர்வு, வேறொன்றுமில்லை என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை, ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள்.

நூல் அதிர்ந்தது உண்மைதான். காதை வைத்தால் கேட்டது. முதலில் காதை வைத்தவள் பேச்சித்தாய், வைத்தவள் அப்படியே வெகுநேரம் குனிந்து நின்றாள், நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "வீடுட்டி," என்றாள். "ஏதோ ஒரு வீடு. யாரோ கொடத்துல தண்ணி கோருதாவ. பிள்ளை அழுவுது." அப்புறம் எல்லோரும் முறை வைத்துக் காதை வைத்தார்கள். ஒருத்தருக்குப் பாத்திரம் விளக்குகிற சத்தம், ஒருத்தருக்கு வாசல் பெருக்குகிற சத்தம், ஒருத்தருக்குக் கோழியை விரட்டுகிற சத்தம். சண்டை கேட்டது, சிரிப்பு கேட்டது, வார்த்தை மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை. சுவருக்கு அந்தப்புறம் பேசுகிற மாதிரியே இருந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் செத்துப்போனவர்களை நினைத்துக்கொண்டார்கள், வாய்விட்டு யாரும் சொல்லவில்லை, ஆனால் காதை வைத்துவிட்டுப் போகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் ஒரு செம்புத் தண்ணீரைக் கூடுதலாக மோந்து வைத்தார்கள்.

ஒருநாள் பேச்சித்தாய், கொடியில் இடமில்லாமல், சும்மாதானே கிடக்கிறது என்று அந்த நூலில் தன் புருஷனின் துண்டைக் காயப்போட்டாள். துண்டு காற்றில் ஆடுவதுபோல ஆடி, நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குள் போய்விட்டது. மறுநாள் காலையில் அது கரையில் இருந்தது, காய்ந்து, சுருட்டி, பச்சைக் கோரையால் ஒரு கட்டுப் போட்டு, துவைத்த வாசத்தோடு. அந்த ஊரில் துண்டை யாரும் அப்படிச் சுருட்டிக் கட்டுவதில்லை. சங்கிலிபூதத்தான் அதைத் தோளில் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். பேச்சித்தாய் அதைக் கொண்டுபோய்ச் சுடலைமாடன் பீடத்தில் சுற்றிவிட்டு வந்தாள், சாமிக்கு அதைப் பற்றி ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஊர் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொள்ள முடியாத ஒன்றை உச்சிமாகாளி மட்டும் அறிந்திருந்தாள், அவள் நகர்ந்துகொண்டிருந்தாள். நாளுக்கு ஒரு நெல்லளவு இருக்கும். மருதமரத்தடியில் உட்கார்ந்தவள் தையில் மரத்தை விட்டு வெளியே வந்திருந்தாள், மாசியில் குடிசையை ஒருமுறை பிடுங்கி நட்டார்கள், பங்குனியில் இன்னொருமுறை. அப்போது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சித்திரை பிறக்கும்போது அவள் பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் மணல்தான் இருந்தது, டீக்கடைக்காரர் கூட அந்தப் பக்கம் பார்க்காமல் டீ ஆற்றினார்.

சப்பாணிமுத்து தினம் மத்தியானம் இலையும் தூளும் கொண்டுவருகிற சாக்கில் வந்து, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று எட்டத்திலேயே உட்காருவான். அன்றைக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா பரிசம் போடணும்னு நிக்கிதா மாகாளி."

"போடட்டும்."

"நீ சொல்லு, நான் ஒத்தைக்கால்ல நிக்கேன். ஆனா எதுக்காவ நிக்கதுன்னு எனக்கே தெரியலயே. அந்தப் பக்கம் இழுக்கது அவருதான்னு ஊர்ல பேசுதாவ. அவருதாம்னா அவரு உசுரோட இருக்காரு. உசுரோட இருக்கவரு பெண்டாட்டிய நான் எப்படிக் கெட்டுதது?"

அவள் பீடியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். "அவரா இருந்தா இத்தன நாளைக்கு ஒரு வார்த்த பேசியிருக்கமாட்டாரா?" என்றாள். ஏழு வருஷத்தில் அவன்மேல் அவள் சொன்ன முதல் குற்றச்சாட்டு அது.

சித்திரை விசு கழிந்து, கரையில் வெயில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், அவளுடைய குதிகால் தண்ணீரைத் தொட்டது. தொட்டவுடன் அதுவரை சுவருக்குப் பின்னால் கேட்ட சத்தம் கதவு திறந்ததுபோலத் தெளிவாகிவிட்டது, காதில் அல்ல, பெருவிரல் எலும்பு வழியாக முழங்காலுக்கு ஏறி, முதுகுத்தண்டில் ஏறி, பல்லில் வந்து நின்றது. ஒரு பெண்குரல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"யாரது?" என்றாள் உச்சிமாகாளி.

முணுமுணுப்பு நின்றது. "நீ யாரு?"

"நான் கரையில இருக்கேன்."

"நானும் கரையிலதான் இருக்கேன்," என்றது குரல். "கெளுத்திக்குப் போட்ட தூண்டி, யக்கா. கார்த்திகையிலருந்து இழுக்கேன், வரமாட்டக்கு. பாய் முடஞ்சிக்கிட்டு இருந்தேனா, கை சும்மா இல்ல, கால்ல கெட்டிட்டேன். இப்பம் தண்ணிக்குள்ள வந்துட்டு காலு. எனக்குப் பயமா இருக்கு."

உச்சிமாகாளி இவ்வளவு நாளும் கசம் தன்னை இழுக்கிறது என்று நினைத்திருந்தாள். இப்போதுதான் தெரிந்தது, கசத்துக்கு அந்தப்புறமும் ஒரு கரை, அந்தக் கரையிலும் ஒருத்தி, அவள் விடுபட வேண்டுமென்று இழுத்த ஒவ்வொரு இழுப்பும் இவளை நகர்த்தியிருக்கிறது, இவள் இழுத்தது அவளை நகர்த்தியிருக்கிறது. யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, ஆனாலும் இன்னும் கொஞ்ச நாளில் இரண்டு பேரும் நடு ஆழத்தில் போய் முட்டிக்கொள்ளப் போகிறார்கள்.

"இழுக்காத," என்றாள். "நானும் இழுக்கல."

"இழுக்காம எப்படிக்கா? அவரு அங்கன வந்தாரான்னு தெரியாம எப்படி விடுவேன்?"

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. பேரு சொல்லமாட்டேன். போன ஐப்பசி வெள்ளத்துல ஒரு பெரிய கெளுத்தி தூண்டியப் பறிச்சிட்டுப் போச்சுன்னு பின்னாலயே எறங்குனாரு. ஒடம்பு கெடைக்கல. எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். சோத்துக்கு ஒக்காந்தா மொத உருண்டைய எலை ஓரத்துல எடுத்து வச்சிட்டுத்தான் திம்பாரு. ஒறங்கும்போது ஒரு கால் மட்டும் போர்வைக்கு வெளிய கெடக்கும்."

உச்சிமாகாளி கையிலிருந்த பீடியை நசுக்கிவிட்டாள். அந்தக் காலை அவள் எத்தனை ராத்திரி போர்வைக்குள் எடுத்து விட்டிருக்கிறாள். "எப்பம்லருந்து ஒனக்கு வீட்டுக்காரரு?" என்று கேட்டாள், குரல் கல்லாக வந்தது.

"ஏழு வருசத்துக்கு முன்னால ஆத்துலருந்துதான் ஏறி வந்தாரு. சொட்டச்சொட்ட. முந்தி எங்கன இருந்தீயன்னு கேட்டா சிரிப்பாரு. ஒரு பொட்டப்பிள்ள இருக்கு எங்களுக்கு. இந்தா, மடியில ஒறங்குதா."

கோபம் வந்தது. ஏழு வருஷக் கோபம் ஒரே மூச்சில் வந்தது. இங்கே கல்யாண வீடுகளில் கை தயங்குகிற குங்குமத்துக்கு முன்னால் அவள் தலைகுனிந்து நின்ற நேரமெல்லாம், அங்கே ஒரு வீட்டில் அவன் முதல் உருண்டையை எடுத்து வைத்துத் தின்றிருக்கிறான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் நூலின் அந்த முனையில் அவன் இல்லை, அவனால் கட்டிப்போடப்பட்ட இன்னொருத்திதான் இருந்தாள்.

"எங்க ஊர்ல ஒடம்பப் பாக்காம அறுக்கமாட்டாவ யக்கா," என்றது குரல். "பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எதுலயும் சேத்தி இல்லாம நிக்கேன். அங்கன வந்தாரா? சொல்லுக்கா. வந்தாருன்னா வந்தாருன்னு சொல்லு. வரலன்னா வரலன்னு சொல்லு."

வரவில்லை என்பதுதான் நிஜம். அதைச் சொன்னால் அவள் தேடிக்கொண்டேயிருப்பாள், இழுத்துக்கொண்டேயிருப்பாள். இரண்டு பெண்களும் இரண்டு கரையில் அவனைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் காத்திருப்பார்கள், அவனோ எந்த ஆழத்தில் எந்தக் கெளுத்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறானோ. உச்சிமாகாளி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தாரு," என்றாள். "உசுரா வரல."

நூல் நடுங்கியது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, கேள்விதான் வந்தது. "யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன். மருதமர வேருல தலைய வச்சிப் படுத்திருந்தாரு."

"மொகம்?"

"மொகம் நல்லா இருந்துச்சு. மீனு தொடல. ஒறங்குத மாதிரி இருந்தாரு."

"யாரு குளிப்பாட்டுனா? என்ன துணி போத்துனிய?"

"நான்தான் குளிப்பாட்டுனேன்," என்றாள் உச்சிமாகாளி, சொல்லச் சொல்ல அவள் கைகளில் அந்த ஈர உடம்பின் கனம் தெரிந்தது, நெற்றியில் ஒட்டியிருந்த மணல் தெரிந்தது. "கோடித்துணி, வெள்ளை. அண்ணன் ஸ்தானத்துல ஒருத்தர் கொள்ளி வச்சாரு."

"நல்லா எரிஞ்சுதா?"

"நல்லா எரிஞ்சுது தாயி. ஒரு குறையுமில்ல."

அப்புறம் மெல்லிய குரலில் அவள் கேட்டாள்: "நீ அவருக்கு என்ன வேணும்க்கா?"

"நானா? நான் கரையில இருந்தேன். அவ்வளவுதான்."

அதன்பிறகுதான் அழுகை வந்தது. நூல் முழுக்க அழுகையாக நடுங்கியது, கசத்தின் மேல் தண்ணீர் சின்னச்சின்ன வளையங்களாக எழுந்தது, சாப்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் பாதையிலேயே நின்றுவிட்டார்கள். உச்சிமாகாளியும் அழுதாள். ஏழு வருஷமாக அழ அனுமதி கிடைக்காத அழுகை அது, அந்தப் புருவ வெட்டுக்காக, போர்வைக்கு வெளியே கிடந்த காலுக்காக, அவள் சொன்ன பொய்யில் மட்டுமே எரிந்த அந்த உடம்புக்காக, மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்தபோது நூல் தொய்ந்து கிடந்தது. விரலில் முடிச்சு தானாக அவிழ்ந்திருந்தது. அவள் மெதுவாக எழுந்து தண்ணீரிலிருந்து காலை எடுத்தாள், கால் மரத்துப்போய் இரண்டுமுறை விழுந்து எழுந்தாள்.

சங்கிலிபூதத்தான் ஓடிவந்தார். என்ன, யார் என்று கேட்டார். "செத்துட்டாவ அத்தான்," என்றாள் உச்சிமாகாளி. "அந்தக் கரையில எடுத்து எரிச்சிட்டாவளாம்."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார், முகம் எப்படி இருந்ததாம், என்ன துணியாம், யார் கொள்ளி வைத்தானாம், நல்லா எரிந்ததாமா; அவள் அதே பதில்களை ஒரு சொல் மாறாமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் அந்தப் பிடிவாதக்கார மனுஷன் தம்பியின் பெயரைச் சொல்லிக் குழந்தைமாதிரி அழுதார், அழுதுவிட்டு, "அப்பம் செய்ய வேண்டியதச் செஞ்சிருவோம்" என்றார்.

செய்தார்கள். நாள் பார்த்து, அதே கரையில், ஊர்ச்சனம் சுற்றி நிற்க, பேச்சித்தாய் அவள் தாலியை அறுத்துப் பால் செம்பில் போட்டாள், போடும்போது அவளும் அழுதாள். சங்கிலிபூதத்தான் மொட்டையடித்துக்கொண்டு பிண்டம் வைத்தார். சப்பாணிமுத்து கூட்டத்தின் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான், அவனுடைய அக்கா அவனருகே நின்றாள், வைகாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. பிண்டத்தை ஆற்றில் கரைத்தார்கள், முழுகினார்கள், ஈரத்தோடு வரிசையாகக் கரையேறினார்கள். கரையேறினால் வீடுவரை திரும்பிப் பார்க்கக்கூடாது, திரும்பிப் பார்த்தால் போனவர் நமக்குத்தான் இன்னும் இடமிருக்கிறது என்று நினைத்துக் கூடவே வந்துவிடுவார்.

அவர்கள் டீக்கடையைத் தாண்டியபோது பின்னால் தண்ணீர் கலங்கியது. ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு கரைச்சேற்றில் ஏறுகிற சத்தம், கனமான ஈரக்காலோ வாலோ பொத்துப்பொத்தென்று சேற்றில் விழுகிற சத்தம்.

"ஏ பிள்ள," என்றது ஒரு குரல்.

எல்லோருக்கும் கேட்டது. வரிசை முழுக்க ஒரு கணம் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. உச்சிமாகாளியை இந்த உலகத்தில் அப்படிக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான். முன்னால் போய்க்கொண்டிருந்த சங்கிலிபூதத்தானின் மொட்டைத்தலை லேசாக ஆடியது, நாளைக்கு அவன் வந்து நின்றால் என்று ஏழு வருஷமாகக் கேட்டவர் அவர்தான், அவர் என்ன செய்யப்போகிறார் என்று மொத்த வரிசையும் காத்து நின்றது. அவர் இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினார்.

"நடங்க, நடங்க," என்றார், குரல் உடைந்திருந்தது. "கெளுத்தி கரையேறுனா சத்தம் போடத்தான் செய்யும்."

நடந்தார்கள். பேச்சித்தாய் உச்சிமாகாளியின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். பின்னால் குரல் கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் குழப்பத்தோடு, வழி கேட்கிற ஆளைப்போல மறுபடி கேட்டது.

"ஏ பிள்ள. இது எந்தக் கரை?"

உச்சிமாகாளிக்குச் சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது, ஒரு வார்த்தைதானே. ஆனால் அந்தப் பக்கத்துக் கரையிலும் இந்நேரம் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு முழுகி எழுந்து, முதுகுக்குப் பின்னால் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, திரும்பாமல் நடந்துகொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் ஈரச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எட்டி நடையைப் போட்டாள்.